ஒரு வாரத்து பி.பி. கணக்கும் பத்தாண்டு இதயக் கணக்கும்

 

நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களோடு ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும் இணைந்து வரும். மாரடைப்பு, பக்கவாதம் என்று வரும் மனுக்களில் அந்தத் தாளின் தொடக்க வரிகளிலேயே ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘நோயாளிக்கு ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உண்டு, ஒழுங்காக மருந்து எடுத்துக்கொள்ளவில்லை.’ மனுவைக் கொண்டுவருபவர் அவருடைய மனைவியாக இருப்பார், அல்லது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலை தேடும் மகனாக இருப்பார். சம்பாதித்தவர் படுக்கையில் இருப்பார். அந்த நேரத்தில் டிரஸ்ட் கொடுக்கும் தொகை ஆஸ்பத்திரி பில்லில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இன்னொரு பக்கம், நம்மில் பல வீடுகளில் இப்போது பிரஷர் மிஷின் இருக்கிறது. சவூதியிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை கொண்டுவந்தது, அல்லது மருந்துக் கடையில் வாங்கியது. வாங்கிய வாரம் வீட்டில் எல்லோரும் மாறி மாறிக் கையை நீட்டுவோம். எண் கூடுதலாக வந்தால் பயப்படுவோம். மறுநாள் குறைவாக வந்தால் மறந்துவிடுவோம். பிறகு மிஷின் அலமாரிக்குப் போய்விடும்.

அந்த மிஷினைச் சரியாகப் பயன்படுத்தினால், அடுத்த பத்தாண்டில் நமக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை டாக்டரோடு உட்கார்ந்து ஓரளவு மதிப்பிட முடியும். எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

நம் பகுதியின் நிலவரம்

அமிர்தி மலையடிவாரத்திலிருந்து வேலூர் போகும் வழியில்தான் கணியம்பாடி. அந்த வட்டாரத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991–94 ஆண்டுகளில் இதய நோய்க்கான காரணங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2010–12இல் அதே பகுதிகளில் மறுபடியும் நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் சர்க்கரை நோய், உடல் எடை, இரத்தக் கொதிப்பு ஆகியவை கூடியிருந்தன. நகரத்தில் மட்டுமல்ல, கிராமத்திலும் கூடியிருந்தன. ‘இதெல்லாம் டவுன்காரர்கள் நோய், மலைக்காற்றில் இருப்பவர்களுக்கு வராது’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

தமிழ்நாடு முழுவதற்குமான 2020ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அப்படி உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள்.

இன்னொரு செய்தியையும் மனதில் வைக்க வேண்டும். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தெற்காசிய மக்களில் முதல் மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் 53 வயதைத் தாண்டாதவர்கள். மற்ற நாட்டவர்களுக்கு இந்த நடுவயது ஏறக்குறைய 59. அதாவது நமக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் முடியாத வயது, பையன் காலேஜில் இருக்கும் வயது, வீட்டுக் கடன் தீராத வயது அது. ஆகவே 40 வயது ஆனதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

மேல் எண், கீழ் எண்

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். 140/90 என்றால், அந்த அழுத்தம் பாதரசத்தை 140 மில்லிமீட்டருக்கும் 90 மில்லிமீட்டருக்கும் உயர்த்தக்கூடியது என்று பொருள். கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலி நாட்டு மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஓசை கேட்டு இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் விளக்கினார். நம் வீட்டு மிஷின் அந்த ஓசையைக் கேட்பதில்லை. பட்டைக்குள் நாடித்துடிப்பால் உண்டாகும் அதிர்வை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால்தான் கையை அசைத்தாலோ பேசினாலோ அது தடுமாறுகிறது.

அழுத்தம் கூடக் கூட ஆபத்து எப்படி ஏறுகிறது? 10 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மேல் எண் 20 கூடினால், மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 115இல் இருப்பவரை ஒரு பங்கு என்று வைத்தால், 135இல் இருப்பவருக்கு இரண்டு பங்கு, 155இல் இருப்பவருக்கு நான்கு பங்கு. ‘எனக்குக் கொஞ்சம்தான் கூடுதல்’ என்று சொல்லும்போது இந்தப் பெருக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அளந்தால் போதாதா?

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, படியேறிப் போய் உட்கார்ந்ததும் அளந்தால் சிலருக்கு எண் எகிறும். வீட்டில் அவர்களுக்குச் சரியாகவே இருக்கும். இதை வெள்ளைக் கோட்டு பி.பி. என்பார்கள். இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. ஆஸ்பத்திரியில் 130, வீட்டிலும் வேலையிடத்திலும் 145. இது மறைந்திருக்கும் பி.பி. இரண்டாவது வகைதான் அபாயமானது. டாக்டரே ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டதால் அவர் கவலையின்றிப் போய்விடுவார். உள்ளே குழாய்கள் கெட்டுக்கொண்டிருக்கும். வேலை நெருக்கடி, தூக்கக் குறைவு, பீடி, சிகரெட் உள்ள ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஜப்பானின் வடகிழக்கில் ஒஹசாமா என்றொரு மலைப்பகுதி ஊர் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் தோஹோகு பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த ஊர் மக்களிடம் பி.பி. கருவியைக் கொடுத்து, வீட்டிலேயே அளந்து எழுதிவைக்கச் சொன்னார்கள். பல ஆண்டுகள் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவைச் சொன்னார்கள்: யாருக்கு ஆபத்து என்பதை, பரிசோதனைக் கூடத்தில் எடுத்த அளவைவிட, வீட்டில் பல நாள் எடுத்த அளவின் சராசரியே நன்றாகக் காட்டியது. இன்று உலகெங்கும் டாக்டர்கள் ‘வீட்டில் அளந்து எழுதிக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்வதற்கு அந்த ஊர் மக்கள் எழுதிய நோட்டுகளும் ஒரு காரணம்.

அளக்கும் முறை

முதலில் கருவி. மேல் கையில் கட்டும் மிஷினே நல்லது. மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை. பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாகக் கூடும். மிஷினை ஒருமுறை டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் மிஷின் வேண்டியதில்லை. ஒரு தெருவில் நான்கு குடும்பங்களுக்கு ஒன்று இருந்தால், வாரம் ஒரு குடும்பமாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து அளப்பது:

1. காலையில் ஃபஜ்ருக்குப் பிறகு, டீ குடிக்கும் முன், பி.பி. மாத்திரை போடும் முன் அளக்கவும். இரவில் இஷாவுக்குப் பிறகு, படுக்கும் முன் அளக்கவும். 
2. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை டீ, காபி, பீடி, சிகரெட், கடும் வேலை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது.
3. பள்ளிவாசலிலிருந்து நடந்து வந்த கையோடு அளக்காதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருங்கள்.
4. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி உட்காருங்கள். சம்மணமிட்டோ கால்மேல் கால் போட்டோ உட்கார்ந்தால் எண் கூடும்.
5. கையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் எண் கூடிக் காட்டும்.
6. பட்டையை வெறும் கையில் கட்ட வேண்டும். சட்டையின் மேலோ புர்காவின் மேலோ கட்டக் கூடாது. இறுக்கமான கையை மேலே சுருட்டினால் அதுவே கையை அழுத்தும். ஆகவே கையை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். பெண்களுக்கு வீட்டில் அளப்பது வசதி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.
7. பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, டி.வி. ஓடக் கூடாது.
8. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிட்டுக் குறைந்ததை மட்டும் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.
9. முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி எப்போதும் அந்தக் கையிலேயே அளங்கள்.

இப்படி ஏழு நாள் தொடர்ந்து அளக்க வேண்டும். ரமலானில் தூக்கமும் சாப்பாடும் மாறிவிடுவதால், இந்த ஒரு வாரத்தை வேறு மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வாரக் கணக்கு

விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம். 48 வயதுள்ள ஒருவர், டேனரியில் வேலை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. அவருடைய மேல் எண்கள் மட்டும்:

முதல் நாள்: காலை 158, 150, இரவு 152, 148
2ஆம் நாள்: காலை 146, 142, இரவு 138, 136
3ஆம் நாள்: காலை 148, 144, இரவு 140, 136
4ஆம் நாள்: காலை 144, 142, இரவு 136, 134
5ஆம் நாள்: காலை 150, 144, இரவு 140, 138
6ஆம் நாள்: காலை 142, 140, இரவு 134, 132
7ஆம் நாள்: காலை 146, 142, இரவு 138, 136

முதல் நாள் மிஷின் புதிது, மனமும் பதற்றம். அந்த நாளை விட்டுவிடுங்கள். மற்ற ஆறு நாளின் 24 அளவுகளையும் கூட்டினால் 3,368. அதை 24ஆல் வகுத்தால் 140. கீழ் எண்களையும் இதே போல் கூட்டி வகுக்க வேண்டும். அவருக்கு அது 88 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆக அவருடைய வீட்டு பி.பி. 140/88.

முதல் நாள் காலை வந்த 158ஐ மட்டும் பார்த்திருந்தால் வீட்டில் எல்லோரும் பதறியிருப்பார்கள். ஆறாம் நாள் இரவு வந்த 132ஐ மட்டும் பார்த்திருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று விட்டிருப்பார்கள். இரண்டுமே அவருடைய உண்மையான நிலை அல்ல. ஓர் அளவு ஒரு நிமிடத்தின் செய்தி. சராசரிதான் அவருடைய செய்தி.

இந்தச் சராசரியை எதோடு ஒப்பிடுவது? வீட்டு அளவுக்கு எல்லை 135/85. ஆஸ்பத்திரி அளவுக்கு எல்லை 140/90. மேல் எண்ணோ கீழ் எண்ணோ எது தாண்டினாலும் இரத்தக் கொதிப்பு என்றே பொருள். வீட்டில் 135 என்பது ஆஸ்பத்திரியில் 140க்குச் சமம். வீட்டில் 145 என்பது ஆஸ்பத்திரியில் 160க்குச் சமம் என்று அமெரிக்க இதய மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. நம் உதாரணத்தில் உள்ளவர் எல்லையைத் தாண்டிவிட்டார்.

பி.பி.யிலிருந்து இதயக் கணக்குக்கு

பி.பி. மட்டும் வைத்து ஆபத்தைச் சொல்லிவிட முடியாது. 140 உள்ள 42 வயதுப் பெண் ஒருவர், புகையிலை தொடாதவர், சர்க்கரை இல்லாதவர். அதே 140 உள்ள 62 வயது ஆண் ஒருவர், பீடி பிடிப்பவர், சுகர் உள்ளவர். எண் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு. 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்து, எந்தெந்தக் காரணங்கள் சேர்ந்தால் இதய நோய் எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஊர்க் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகத்தை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை தயாரித்தது. இந்தியா தெற்காசியப் பகுதியில் வருகிறது. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கான அட்டவணை அது.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். அதில் வயது, ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா, சர்க்கரை நோய் உண்டா, மேல் எண் எவ்வளவு, மொத்தக் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இன்னொன்று பரிசோதனை வசதி இல்லாத இடத்துக்கு. அதில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் வராது. அவற்றுக்குப் பதில் உயரத்துக்கு ஏற்ற எடை வரும். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 1.65 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 26.4. நம் நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்று கொள்ள வேண்டும். சுகர் உள்ளவர்கள் முதல் வகை அட்டவணையையே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது வகை அவர்களுடைய ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

அட்டவணையில் உங்களுக்குரிய கட்டத்தைக் கண்டுபிடித்தால், ஒரு நிறமும் ஓர் எண்ணும் இருக்கும். அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு அது. 5 சதவீதத்துக்குக் கீழே பச்சை. 5 முதல் 10 வரை மஞ்சள். 10 முதல் 20 வரை ஆரஞ்சு. 20 முதல் 30 வரை சிவப்பு. 30க்கு மேல் கருஞ்சிவப்பு.

15 என்று வந்தால் என்ன பொருள்? உங்களைப் போன்ற 100 பேரை ஒரு வரிசையில் நிறுத்தினால், பத்தாண்டுக்குள் அவர்களில் 15 பேருக்கு இந்த நோய் வரும், 85 பேருக்கு வராது. அந்தப் 15 பேரில் நீங்கள் உண்டா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அது அல்லாஹ்வின் இல்மில் உள்ளது. நாம் செய்யக்கூடியது, 15 பேர் உள்ள வரிசையிலிருந்து 8 பேர் உள்ள வரிசைக்கு மாறி நிற்பது.

ஒரு நுட்பம்: இந்த அட்டவணை 120, 140, 160, 180 என்று படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆஸ்பத்திரி அளவை மனதில் வைத்துச் செய்தது. வீட்டுச் சராசரி 137 உள்ளவரை 140க்குக் கீழே உள்ள படியில் வைத்தால் அவருடைய ஆபத்து குறைவாகத் தெரியும். ஆகவே நோட்டைக் காட்டும்போது ‘இது வீட்டில் எடுத்த சராசரி’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அட்டவணைக்குள் வராதவர்கள்

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அவர்கள் அதிக ஆபத்தில் உள்ளவர்களே. பி.பி. நார்மலாக இருந்தாலும் மருந்தை விடக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. கர்ப்ப காலத்தில் 140/90 வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் பி.பி. இருந்து பிரசவத்துக்குப் பின் சரியான பெண்களுக்கும், பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு யாரும் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்துகொள்ளுங்கள்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அட்டவணை காட்டுவதைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம். வாயில் அடக்கும் புகையிலையும் அட்டவணையில் வராது. ஆனால் அதுவும் இதயத்தைக் கெடுக்கும். நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு வீட்டு மிஷின் சரியாகக் காட்டாமல் போகலாம். இவற்றை எல்லாம் நீங்களே எடுத்துச் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

அட்டவணையில் பச்சை வந்தாலும், பி.பி. மிகக் கூடுதலாக இருந்தால், அதாவது ஆஸ்பத்திரி அளவில் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தால், மருந்து வேண்டும். ‘எனக்குப் பச்சைதானே’ என்று நின்றுவிடக் கூடாது.

மதிப்பீடு தெரிந்த பிறகு

மேல் எண்ணை 10 குறைத்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. எப்படிக் குறைப்பது?

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்பு தோலிலிருந்து தண்ணீரை வெளியே இழுப்பதும் நமக்குத் தெரியும். உடம்புக்குள் போன உப்பும் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. குழாயில் நீர் கூடினால் அழுத்தம் கூடுகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், சிப்ஸ், பேக்கரிப் பண்டம் ஆகியவற்றை முதலில் குறையுங்கள். சாப்பாட்டு விரிப்பிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

புகையிலை: பீடி, சிகரெட்டை விட்டால் அட்டவணையில் கட்டம் மாறும். உடம்பில் மாற்றம் படிப்படியாக வரும். காசு செலவில்லாமல் ஆபத்தைக் குறைக்கும் வழி இதைவிட வேறில்லை.

வலி மாத்திரை: நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்கள் உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பி.பி. கூடும், கிட்னியும் கெடும்.

நடை: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும்.

மாத்திரை: பெரும்பாலான மனுக்களின் கதை இங்கேதான் இருக்கிறது. ஒரு மாதம் மாத்திரை போடுகிறார், பி.பி. 126க்கு வருகிறது, ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறார். மாத்திரை போட்டதால்தான் அது 126. நிறுத்தினால் பழைய இடத்துக்கே போகும். உடம்பில் ஒன்றும் தெரியாது என்பதால் அவர் திரும்பி வரமாட்டார். எண் மிகவும் குறைந்தாலோ தலை சுற்றினாலோ நோட்டோடு டாக்டரிடம் போய் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

இந்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஸகாத் பணத்தில் ஸ்டென்டுக்கு உதவி கேட்கும் நிலை வருமுன், இலவச மாத்திரையை விடாமல் வாங்கிச் சாப்பிடுவோம்.

சில கேள்விகள்

*எனக்குத் தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. ஏன் அளக்க வேண்டும்?*
பெரும்பாலானவர்களுக்கு பி.பி. எந்த அடையாளமும் காட்டாது. தலைவலி வந்தால் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் பக்கவாதம் வரும் வரை காத்திருக்க நேரலாம்.

*தினமும் அளக்க வேண்டுமா?*
வேண்டாம். மருந்து தொடங்கும்போதும் மாற்றும்போதும் டாக்டரிடம் போகும் முன்பும் ஒரு வாரம் அளந்தால் போதும். மற்ற நேரத்தில் வாரம் ஒன்றிரண்டு முறை. மணிக்கு ஒருமுறை அளப்பவருக்கு, அளப்பதாலேயே பி.பி. கூடும்.

*நோன்பு நேரத்தில் மாத்திரையை என்ன செய்வது?*
ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைப் பாருங்கள். பல மாத்திரைகளை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றித் தர முடியும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். முப்பது நாளும் மாத்திரையை விட்டுவிடுவது ஆபத்து.

அவசரம்

மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120 தாண்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பேச்சுக் குளறல், பார்வை மங்கல் ஏதேனும் இருந்தால் உடனே 108. இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். பயத்தில் கூடுதல் மாத்திரையை விழுங்க வேண்டாம்.

நெஞ்சு வலியோ பக்கவாத அடையாளமோ இருந்தால், மிஷின் என்ன காட்டினாலும் காத்திருக்காதீர்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துப் போகும் ஒரு மணி நேரம் இதயத் தசையின் ஒரு பங்கு. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. அமிர்தி போன்ற மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வேலூர் போய்ச் சேரும் நேரமும் அதில் அடக்கம்.

இந்த மாத வீட்டுப் பயிற்சி

வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிக்கும் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். கூட்டி வகுப்பது அவர்களுக்குக் கணக்குப் பாடமும் ஆகும்.

1. ஏழு நாள் காலையும் இரவும் இரண்டிரண்டு அளவு. முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி.
2. அதன் கீழே வயது, எடை, உயரம், சுகர் உண்டா, புகையிலை உண்டா, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று எழுதுங்கள்.
3. கொலஸ்ட்ரால், சுகர் பரிசோதனை செய்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி செய்துகொள்ளுங்கள்.
4. அந்தப் பக்கத்தோடு டாக்டரிடம் போய், ‘என் பத்தாண்டு ஆபத்து எந்த நிறத்தில் இருக்கிறது?’ என்று கேளுங்கள்.
5. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், இம்மாதம் எத்தனை நாள் விடுபட்டது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சென்ற மாதம் மாத்திரையை நிறுத்திய ஒருவர் இதைப் படித்துவிட்டு இன்று இரவு மிஷினை அலமாரியிலிருந்து எடுத்தாலே இந்தப் பாடத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. அவர் வீட்டிலிருந்து ஒரு மனு குறையும். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.